ஜாவா 8 முதல் 21 வரை: டைப்காஸ்டிங்கோடு குப்பை கொட்டிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பரும் செம்பனைக் குலையும் வாங்கும் ஒரு கடைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு நிரல் பல வருடமாக ஓடுகிறது. ஜாவா என்ற நிரல் மொழியின் 8-ஆம் பதிப்பில் தொடங்கியது, இப்போது 21-இல் நிற்கிறது.

அதில் ‘வரவு’ என்று ஒரு தாய் வகுப்பு (கிளாஸ்). எடை, தேதி, கொண்டுவந்தவர் பெயர் எல்லாம் அங்கே. ரப்பர்பால் அதன் துணை வகுப்பு, தாயிடம் உள்ளதெல்லாம் அதற்கும் உண்டு. பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் உலர் ரப்பர் விழுக்காட்டை நிரலில் அதற்கு மட்டும் வைத்தேன். மங்கில் உறைந்த கட்டிப்பால் இன்னொரு துணை வகுப்பு. எல்லாம் ஒரே பட்டியலில் ‘வரவு’ என்றே நிற்கும். உள்ளே இருப்பது ரப்பர்பாலாகவே இருந்தாலும், நிரலை ஓடும் முன்பே சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் விழுக்காட்டைத் தொட விடாது. அதற்குத்தான் காஸ்ட் (டைப்காஸ்டிங்): ‘இதை ரப்பர்பாலாகப் பார்’ என்று நாமே சொல்வது. காஸ்ட் செய்வதால் ஆப்ஜெக்ட் மாறாது, நாம் அதைப் பார்க்கும் வகைதான் மாறும். ‘வரவு’ என்று நிற்கும் கட்டிப்பாலை ரப்பர்பால் என்று காஸ்ட் செய்தால், கம்பைல் ஆகிவிட்டு ஓடும்போது கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் என்ற பிழை வந்து விழும்.

ஜாவா 8-இல் ‘இது இந்த வகைதானா?’ என்று கேட்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுச் சோதித்து, மறுபடி அதே பெயரை எழுதிக் காஸ்ட் செய்ய வேண்டும். 2021-இல் வந்த ஜாவா 16-இல் சோதனையும், காஸ்ட் செய்ததை வைக்கும் மாறியும் (வேரியபிள்) ஒரே வரிக்குள் அடங்கின. இன்ஸ்டன்ஸ்ஆஃபில் முன்பிருந்தே உள்ள இன்னொரு வசதி: நல் (எதுவுமே இல்லாத) மதிப்பை நேரே காஸ்ட் செய்தால் பேசாமல் உள்ளே போய் வேறெங்கோ வெடிக்கும், இன்ஸ்டன்ஸ்ஆஃப் வாசலிலேயே ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஜாவா 16-இன் சுருக்கம் நல்லதுதான், ஆனால் இதற்காக மட்டும் யாரும் மெனக்கெட்டு மாற வேண்டியதில்லை.

உண்மையான லாபம், துணை வகுப்புகள் எவை என்று முன்பே வரையறுத்துப் பூட்டும் ஜாவா 17-இன் சீல்டு வகுப்பும், வகைவாரியாகக் கிளை பிரிக்கும் 21-இன் ஸ்விட்சும் சேர்ந்தபோது கிடைத்தது. கடை செம்பனையும் வாங்கத் தொடங்கியபோது பழைய இஃப் வரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தோம், கம்பைலர் வாயே திறக்கவில்லை. இப்போது புதிதாக ஒரு துணை வகுப்பைச் சேர்த்தால், அதைக் கணக்கில் எடுக்காத ஸ்விட்ச் ஒன்றுகூட கம்பைல் ஆகாது. ஒரே நிபந்தனை, ‘மற்றதெல்லாம் இங்கே’ என்னும் டிஃபால்ட் கிளை எழுதக்கூடாது. எழுதினால் இந்தக் காவல் போச்சு. வேலைக்கு வரும் தம்பிகள் பழக்கத்தில் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள்!

அப்புறம் ஹைபர்நேட், தரவுத்தளத்திலிருந்து ஆப்ஜெக்டுகளை எடுத்துத் தரும் நூலகம். தேவைப்படும்போது மட்டும் தரவை எடுக்கும் லேசி முறையில் ஏற்றும்போது கைக்கு வருவது சில நேரம் ரப்பர்பால் இல்லை, ‘வரவு’க்காக அது செய்து தரும் ப்ராக்ஸி, அதாவது பதிலாள் ஆப்ஜெக்ட். காஸ்ட் செய்தால் பிழையாவது தெரியும். இன்ஸ்டன்ஸ்ஆஃப் ‘இல்லை’ என்று அமைதியாகச் சொல்ல, பால் விழுக்காடு பார்க்கப்படாமலே கணக்கு நகர்ந்துவிடும். ஹைபர்நேட்டிலேயே பதிலாளுக்குப் பின்னே இருக்கும் அசலை எடுத்துத் தர அன்ப்ராக்ஸி என்று ஒரு வழி இருக்கிறது, அதை முதலில் அழைத்துவிட வேண்டும். ப்ராக்ஸியும் ஒரு துணை வகுப்புதான், வரையறுக்காத துணை வகுப்பை சீல்டு விடாது என்பதால், சீல்டு வகுப்புகளைத் தரவுத்தளப் பக்கம் கொண்டுபோகாமல் கணக்குப் போடும் பகுதியில் மட்டும் வைத்திருக்கிறேன்.