கடலோரக் கவிதைகள் எடுத்த முட்டத்துல பைக் டூர், எப்படி இருந்துச்சுன்னா

கன்னியாகுமரி மாவட்டத்துல கடலோரமா இருக்கிற முட்டம்னாலே நம்ம வயசு ஆளுங்களுக்கு பாரதிராஜா தான். 1981ல அலைகள் ஓய்வதில்லை, 1986ல கடலோரக் கவிதைகள், ரெண்டும் அங்க தான் எடுத்தாரு, ரெண்டுக்கும் கேமரா பி. கண்ணன். எனக்கு ரெண்டாவது படம் தான் உசுரு. பெரும்பாலும் வில்லனாவே பாத்துப் பழகின சத்யராஜ், சின்னப்பதாஸா வந்து அந்த ஜெனிபர் டீச்சர் முன்னாடி அப்படியே அடங்கிப் போறது, ரேகாவுக்கு அதான் முதல் படம்னு சொன்னா இப்பவும் நம்ப முடியல. ஊருக்குப் போறப்பல்லாம் நாகர்கோவில் வரைக்கும் போயிட்டு கல்யாண வீடு சொந்தக்காரங்கன்னு திரும்பிடுவோம், இந்த தடவ விடுறதில்லன்னு வீட்டம்மாவையும் கனடால இருந்து வந்திருந்த மச்சானையும் கூட்டிட்டு கெளம்பிட்டேன்.

பைக்கும் குடுத்து ஷூட்டிங் எடுத்த இடத்தையெல்லாம் சுத்திக் காட்டுறதுக்கு மொதல்ல ஆன்லைன்ல ஒரு ஆளப் பிடிச்சோம். பேச்செல்லாம் நல்லா தான் இருந்துச்சு, ஆனா அனுப்பின பைக் போட்டோவுல வெள்ளை நம்பர் போர்டு. வாடகைக்கு விடுற வண்டின்னா கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும், சொந்த வண்டிய வாடகைக்கு விட்டா ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். கேட்டா "அதெல்லாம் யாரு சார் பாக்குறா"ன்னாரு. வேண்டாம்னு விட்டுட்டோம். வெளிநாட்டுல இருந்து வர்றவங்க இத மட்டும் கண்டிப்பா பாருங்க, போட்டோ கேட்டு வாங்கிப் பாருங்க.

அப்புறம் சொந்தக்காரர் மூலமா கெடைச்சது ஒரு தம்பி, முட்டத்துக்காரர், அப்பா கடலுக்குப் போறவர். போன்ல அவர் கேட்ட முதல் கேள்வியே லைசென்ஸ் தான். என்கிட்ட பைக் ஓட்டுற லைசென்சும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் இருந்துச்சு, மச்சான்கிட்ட கார் மட்டும். "அண்ணே, அப்ப அவர் எனக்க பின்னால இருக்கட்டும்"னு முடிச்சுட்டாரு. மச்சானுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு, நாள் பூரா பின்னாடி உக்காந்து முணுமுணுத்துக்கிட்டே வந்தான். ஹெல்மெட் மூணு பேருக்கும் அவரே கொண்டு வந்தாரு, பின்னாடி உக்கார்றவங்களுக்கும் சேத்து. இப்ப ஹெல்மெட் இல்லன்னா 1000 ரூபா பைன், 2022லயே ஏத்திட்டாங்க.

நாங்க போனது ஆடி மாசம். அந்தப் பக்கம் மேற்குக் கடற்கரைங்கறதால ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம், போட்டெல்லாம் கரையோட கட்டிக் கெடக்கு, கடல் மட்டும் சும்மா இல்ல. நாகர்கோவில்ல இருந்து ராஜாக்கமங்கலம் வழியா போறப்ப தென்னந்தோப்புக்குள்ள சுகமா இருந்துச்சு, கடலோரத்துக்கு வந்ததும் காத்து வண்டிய பக்கவாட்டுல தள்ளுது பாருங்க, வீட்டம்மா என் சட்டைய பிடிச்ச பிடி சாயங்காலம் வரைக்கும் விடல. தம்பி கண்ணாடில பாத்துட்டே போய் அங்கங்க நின்னு "மைனி, பயமா இருந்தா சொல்லுங்க, மெதுவா போவோம்"னு கேப்பாரு. மைனிங்கறது அங்க அண்ணன் பொண்டாட்டிய கூப்பிடறது, அதக் கேட்டதுமே வீட்டம்மா அவர் கட்சிக்குப் போயிட்டா.

இனி லொகேஷன் விஷயம். அவர்கிட்ட படத்துல இருந்து எடுத்த ஸ்டில் எல்லாம் போன்ல இருக்கு, போன பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்காரு, அலைத்தண்ணி தெறிக்கும்ல. பாறை மேட்டுல நிறுத்தி, ஸ்டில்ல காட்டி, "அந்தால அந்த ரெண்டு பாறைக்கும் நடுவுல உள்ள வெட்டப் பாருங்க, இப்ப இதுல பாருங்க"ன்னு பொருத்திப் பொருத்திக் காட்டுறாரு. கறுப்புப் பாறை, பின்னாடி செம்மண் மேடு, மேல லைட் ஹவுஸ், படத்துல பாத்தது அப்படியே கண்ணு முன்னாடி வந்து நிக்கிது, எனக்கு புல்லரிச்சுப் போச்சு, பொய் சொல்லல. வீடு, தெரு பக்கம் வந்தா தான் கதை வேற. ஓலை போய் கான்கிரீட் வந்தாச்சு, பக்கத்துல தனியார் மீன்பிடி துறைமுகம் வேற வந்தாச்சு, 2004 சுனாமி வேற இந்தக் கரைய அடிச்சுட்டுப் போயிருக்கு. ரெண்டு மூணு ஸ்டில்லுக்கு "இது எங்கன்னு எனக்கு தெரியாதுண்ணே, பாட்டாமாருகிட்ட கேட்டும் ஒத்து வரல்ல"ன்னு பளிச்சுனு சொல்லிட்டாரு, பாட்டான்னா அங்க தாத்தா. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. எத்தன ஊர்ல கைடுங்க ஏதோ ஒரு திண்ணையக் காட்டி இங்க தான் ஹீரோ உக்காந்தாருன்னு அடிச்சு விட்டிருக்காங்க.

வலை பின்னிட்டு இருந்த ஒரு பாட்டாகிட்ட கூட்டிட்டுப் போனாரு. ஷூட்டிங் நடந்தப்ப வேலைக்குப் போகாம பாறை மேல உக்காந்து வேடிக்க பாத்த ஆளாம். ஏதாவது ரசிச்சு சொல்லுவாருன்னு நான் ஆர்வமா கேட்டா, "படம் எல்லாம் கொள்ளாம். ஆனா கடல் தெரிஞ்சவன் எவன்வே அந்தப் பாறையில போய் நிப்பான்?"னாரு. கொள்ளாம்னா நல்லாருக்குன்னு அர்த்தம். நாங்க நிக்கும்போதே ஒரு அலை வந்து அந்தப் பாறைய மொத்தமா முழுங்கிட்டுப் போச்சு. செல்பி எடுக்கப் போன மச்சான் பின்வாங்கி வந்துட்டான். உண்மையிலயே அந்தக் கடல் குளிக்கிற கடல் இல்ல, இறங்காதீங்க.

மதியம் மரச்சீனிக் கிழங்கும், அதான் மரவள்ளி, மீன்கறியும், சாளை தான், தடை இல்லாத சின்ன வள்ளத்துல வந்தது. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. சாயங்காலம் மணவாளக்குறிச்சி வழியா குளச்சல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு, 1741ல மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரன தோக்கடிச்ச இடம், நினைவுத் தூண் இருக்கு. எனக்கு அது ஒட்டல, படத்துல இருந்த மனசு வரலாறுக்கு மாற மாட்டேங்குது, நீங்க வேணா முட்டத்தோட நிறுத்திக்கோங்க.

பைக் ஒண்ணுக்கு 1800 ரூபா, பெட்ரோல் ஹெல்மெட் எல்லாம் அதுக்குள்ளயே. அட்வான்ஸ் கேக்கல. சாப்பாடு நம்ம செலவு. என் போன்ல இந்திய அக்கவுண்ட் இல்லாததால க்யூஆர் கோட எல்லாம் பாத்து பெருமூச்சு விட வேண்டியது தான், ரொக்கம் எடுத்துட்டுப் போங்க, நாகர்கோவில்லயே ஏடிஎம்ல எடுத்துடுறது நல்லது. குறைன்னு சொன்னா கழிப்பறை வசதி, வழியில பொம்பளைங்களுக்கு சரியா ஒரு இடம் இல்ல, கடைசில தம்பி தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போனாரு, அவங்க அம்மா காப்பியும் போட்டுக் குடுத்தாங்க, ஆனா எல்லா கைடு வீட்டையும் நம்பிப் போக முடியாதுல்ல. லைட் ஹவுஸ் மேல ஏறணும்னா எத்தன மணிக்கு விடுவாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, நாங்க போனப்ப பூட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் வைக்காதீங்க, ஊரே சர்ச்சுல பூசைக்கு நிக்கும், கைடும் அங்க தான் நிப்பாரு.