தேவிபட்டினத்திலிருந்து இராமேஸ்வரம் வரை: காலுக்கு எது சரி?

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்து இராமேஸ்வரத்துக்கு நடந்து போக நினைக்கும் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலில் போடுவதை அங்கிருந்து சுமந்து வராதீர்கள். இராமநாதபுரத்திலேயே வாங்குங்கள். அதுவும் கிளம்புவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே வாங்கி, வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

இந்த முறை நானும் மாமாவும் அவர் மகனும் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைக் கும்பிட்டுவிட்டு நடந்தோம். அங்கிருந்து இராமநாதபுரம் சுமார் 15 கிலோமீட்டர். அப்புறம் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று இன்னும் 55 கிலோமீட்டர் போல வரும். சேது யாத்திரை வந்தவர்கள் காலங்காலமாக நடந்த திசை இது. அவர்கள் தங்குவதற்குச் சேதுபதிகள் வழியெல்லாம் சத்திரம் கட்டி வைத்த நாடு.

நியூ ஜெர்சியில் மலையேறப் போடும் கணுக்கால் உயர பூட்ஸ் குளிருக்கும் கல்லுக்கும் செய்தது. தண்ணீர் உள்ளே வராமலிருக்க வைத்த துணி, வேர்வையையும் சட்டென்று வெளியே விடாது. இங்கே ஒரு மணி நேரத்தில் கால் நனைந்து தோல் ஊறிவிடும். ஊறின தோல் உரசினால் கொப்புளம்தான்.

இந்தக் கரையில் தார் ரோடு, ரோட்டை விட்டு இறங்கினால் மணல், மணலில் சீமைக் கருவேல முள். லாரி வரும்போது ஓரம் ஒதுங்காமல் முடியாது, ஒதுங்கினால் முள்தான். மெத்தென்று இருக்கும் ஃபோம் செருப்பில் அந்த முள் நேராக ஏறிக் குதிகாலைத் தொடும். ஹவாய் செருப்புக்கும் இதே கதை. போதாததற்கு அது கழன்றுவிடாமலிருக்க விரல்கள் நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும், வார் உரசி விரலிடுக்கு புண்ணாகும்.

சாலைத் தெருப் பக்கம் நாங்கள் போன முதல் கடையில் போட்டு நடந்து பார்க்கவே விடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே காலை நுழைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பில்லும் கிடையாது, மாற்றியும் தரமாட்டார்களாம். எழுபது கிலோமீட்டர் நடக்கப் போகிறவனுக்கு இது ஆகாது. எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த கடையில் இருந்த பையன் வேறு மாதிரி. எங்கே நடக்கிறோம், யார் யார் என்று கேட்டுவிட்டு, "இப்ப வாங்காதீங்கண்ணே. வெயில் சாஞ்சப்புறம் வாங்க. காலையில எடுத்தா சாயந்தரம் கடிக்கும்" என்றான். விற்பனையைத் தள்ளிப்போட்டு உண்மையைச் சொன்ன அந்த ஒரு பேச்சுக்காகவே நான் திரும்பப் போனேன். நடக்க நடக்கக் கால் வீங்கும், மாலையில் அளவு பார்த்தால்தான் அது தெரியும். கால் கட்டைவிரலுக்கு முன்னால் கைப் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். செருப்பை இரண்டு கையாலும் வளைத்தான். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் வேண்டாம் என்றான். அடிப்பாகத்தில் நகத்தை ஊன்றி, பள்ளம் விழுந்ததை எல்லாம் ஒதுக்கினான்.

அளவு விஷயத்தில் நம் ஆட்கள் கவனமாக இருக்கணும். ஆண்களுக்கு அமெரிக்காவில் 10 என்றால் இங்கே 9, ஏனென்றால் இந்தியக் கடைகளில் இங்கிலாந்து அளவுதான் புழக்கம். நான் 9-ம் பார்த்தேன், 10-ம் பார்த்தேன். காலுறை போட்டு நடப்பதால் பெரியதே சரியாக இருந்தது. கடைசியில் எடுத்தது குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள, கெட்டி ரப்பர் அடி வைத்த சாண்டல். மணல் உள்ளே போனாலும் உதறினால் போய்விடும், காற்றும் போகும்.

மாமாவுக்குச் சர்க்கரை. வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் வேறு. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதும் தெரியாது, தார் சுட்டதும் தெரியாது. தெரியும்போது புண் ஆறாத நிலைக்குப் போயிருக்கும். அவருடைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, பின்வார் வைத்த எம்சிஆர் செருப்பு எழுதிக் கொடுத்தார். உள்ளே பஞ்சு போன்ற ரப்பர், அடியில் கெட்டி. "சாமி கோவிச்சுக்காதா மாப்ளே?" என்று மாமா கேட்டார். கோயில் வாசலிலிருந்து வெறுங்காலில் நடங்கள் மாமா, அதுவும் வேண்டுதல்தான் என்றேன். வழியில் வெறுங்காலில் போன பக்தர்களைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் சர்க்கரை உள்ள யாரும் அந்த வைராக்கியத்தைப் பார்த்துக் கிளம்பிவிடக் கூடாது.

மச்சானுக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஷூ, ஆசை ஆசையாகப் பீரோவில் வைத்தது, எடுத்தபோது அடிப்பாகம் மாவாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் அடி வைத்த ஷூ, போடாமல் வைத்தாலும் ஈரக்காற்றில் இப்படித்தான் சிதையும். ஊரில் இருக்கும் பழைய ஜோடியை நம்பி வருகிறவர்கள் ஒரு தடவை வளைத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த எல்லாச் சேவையிலும் மேலானது பஸ் ஸ்டாண்டு பக்கம் குடைக்கடியில் உட்கார்ந்து செருப்பு தைக்கும் பெரியவருடையது. புதுச் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "ஒட்டுனதுதான் தம்பி. தார்ச் சூட்டுல பசை இளகி நடுவழியில வாயைத் திறந்துரும்" என்றவர், மெழுகு தடவிய நூலால் விளிம்பு முழுக்க நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தார். வார் காலைத் தொடும் ஓரத்தில் துருத்தியிருந்த முடிச்சைத் தட்டிச் சமமாக்கினார். இரண்டு ஜோடிக்கு 80 ரூபாய் கேட்டார். கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்து, திரும்பி வரும்போது காட்டச் சொன்னார். இப்படி ஒரு கைத்திறன் நம் ஊர்களில் இன்னும் ரோட்டோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு வருத்தம். ஒரு நிழற்கூரையாவது அவர்களுக்கு வேண்டும்.

மெடிக்கலில் மைக்ரோபோர் டேப் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டுப் போட ஒட்டுவது. வார் உரசும் இடத்தில் கிளம்பும் முன்பே ஒட்டிவிட்டால் கொப்புளம் பெரும்பாலும் வராது. பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லியது நல்லது. எங்காவது சூடாக உறுத்தினால் உடனே உட்கார்ந்து பாருங்கள், அடுத்த டீக்கடை வரை தள்ளிப்போடாதீர்கள்.

விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஒதுங்கிவிட்டோம். 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். காற்று ஆளைத் தள்ளும். பின்வார் இருந்ததால் காலைப் பற்றி நினைக்காமல் கடலைப் பார்த்து நடக்க முடிந்தது.

இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்ததும் செருப்பை அறையிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். 22 தீர்த்தமும் ஆடி முடிக்கும்போது பாதம் நன்றாக ஊறியிருக்கும். அன்றைக்கே தனுஷ்கோடிக்கு நடக்கக் கிளம்ப வேண்டாம், வண்டியில் போய் வரலாம். அங்கே கடலில் நனைந்த செருப்பை அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். உப்பு படிந்து காய்ந்தால் வார் விறைத்து, அடுத்த நாள் அதுவே காலை அறுக்கும்.