எக்ஸ்பி, லினக்ஸ், பழைய ஐமேக் மூணுக்கும் ஒரே ஃபோல்டர்: சாம்பா ரெண்டு வருஷம் ஓட்டின அனுபவம்

எங்க டிடிபி கடையில மூணு பழைய சிஸ்டம். ஒண்ணு விண்டோஸ் எக்ஸ்பி, அதுல பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7 இருக்கு, அதை தூக்கிப்போட முடியாது, ஏன்னா இருபது வருஷ கல்யாண பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அந்த ஃபைல்லயும் அந்த காலத்து தமிழ் ஃபான்ட்லயும்தான் கிடக்கு, ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வந்து நிக்கும். இன்னொண்ணு லினக்ஸ் மின்ட் போட்ட பழைய கோர் 2 டுவோ கம்ப்யூட்டர், மூணாவது ஆப்பிளோட 2009 ஐமேக்.

முன்னாடி எல்லாம் பென்டிரைவ்தான். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறுற வைரஸ் ஒரு பக்கம், அதைவிட பெரிய தொல்லை ஒரே ஃபைல் மூணு காப்பியா கிடக்குறது. ஒரு தடவை முகூர்த்தம் 9 - 10.30ன்னு இருந்ததை பொண்ணோட அப்பா வந்து 7.30 - 9ன்னு மாத்த சொன்னாரு, ஐமேக்ல திருத்தியாச்சு, பிரின்ட்டுக்கு போனது எக்ஸ்பில இருந்த பழைய காப்பி. 500 பத்திரிகை. அவர் முகத்தை பார்க்கவே முடியல, ராத்திரியோட ராத்திரியா எங்க செலவுல திரும்ப அடிச்சு குடுத்தோம். அந்த வாரமே, ஒரே ஃபோல்டரை மூணு சிஸ்டமும் நெட்வொர்க் வழியா பகிர்ந்துக்க வைக்கிற சாம்பாங்கிற சாஃப்ட்வேரை மின்ட் மெஷின்ல போட்டேன்.

இது இலவசம். 1991 கடைசியில ஆஸ்திரேலியாவுல பிஎச்டி பண்ணிட்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுத ஆரம்பிச்சது, விண்டோஸ் ஃபைல் ஷேர் பண்ண பேசுற எஸ்எம்பிங்கிற பாஷையை லினக்ஸுக்கும் பேச வைக்கும். எஸ், எம், பி மூணும் வரிசையா வர்ற வார்த்தையை டிக்ஷனரில தேடித்தான் சாம்பான்னு பேரே வச்சாராம்.

இன்ஸ்டால் பண்றது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டை சாம்பா அப்படியே எடுத்துக்காது, smbpasswd கமாண்ட்ல தனியா பாஸ்வேர்ட் போடணும், நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான். ஐமேக் உடனே சேர்ந்துடுச்சு. எக்ஸ்பி மட்டும் ரெண்டு நாள் படுத்துச்சு. எக்ஸ்பிக்கு எஸ்எம்பியோட முதல் வெர்ஷன் மட்டும்தான் தெரியும், சாம்பா 4.11லேர்ந்து, அதாவது 2019லேர்ந்து அதை டிஃபால்ட்டா மூடிட்டாங்க. செட்டிங்ஸ் ஃபைல்ல குளோபல் பகுதியில சர்வர் மின் ப்ரோட்டோகால்னு (server min protocol) ஒரு வரி போட்டு என்டி1ன்னு (NT1) குடுக்கணும், எக்ஸ்பியோட பழைய லாகின் முறையை ஏத்துக்க என்டிஎல்எம் ஆத்ங்கிற (ntlm auth) இன்னொரு வரிக்கு யெஸ்னு (yes) குடுக்கணும், சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும், அவ்ளோதான். நெட்வொர்க் லிஸ்ட்ல பேரு வரலன்னா தேடிட்டு உட்காராதீங்க, ரன் பாக்ஸ்ல முன்னாடி \\ போட்டு மின்ட் மெஷினோட ஐபி அட்ரஸை நேரா அடிங்க.

ஃபைல் பேரை தமிழ்லயே வைக்கிறோம், சாம்பா அதை ஒழுங்கா கடத்துது. எக்ஸ்பில மட்டும் கட்டம் கட்டமா தெரிஞ்சுது, ரீஜனல் ஆப்ஷன்ஸ்ல காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் டிக் பண்ணதும் சரியாச்சு, அதுக்கு எக்ஸ்பி சிடி கேட்கும், எடுத்து வச்சுக்கங்க. வேகம் பத்தி குறை இல்ல, எங்க 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்ல 700 எம்பி ஃபைல் ஒன்றரை நிமிஷத்துக்குள்ள போயிடுது.

எனக்கு நிஜமாவே பயம் இருக்குற இடம் பாதுகாப்பு. 2017 மே மாசம், ஃபைலை எல்லாம் பூட்டிட்டு பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவினது விண்டோஸோட இதே பழைய எஸ்எம்பில இருந்த ஓட்டை வழியாத்தான். அதனால எக்ஸ்பி நெட்வொர்க் செட்டிங்ல இன்டர்நெட்டுக்கு வழி காட்டுற கேட்வே அட்ரஸை காலியா விட்டுட்டேன், கடைக்குள்ள ஃபைல் வரும் போகும், வெளியே இன்டர்நெட்டுக்கு போகாது. பழைய ஜாப் ஃபோல்டரை ரீட் ஒன்லியா வச்சிருக்கேன். சாம்பா மேல ஒரே வருத்தம், எக்ஸ்பிக்காக திறக்குற அந்த பழைய வெர்ஷன் சர்வர் முழுக்க திறக்குது, ஷேர் பண்ற ஒரு ஃபோல்டருக்கு மட்டும்னு திறக்க வழியில்ல. ஐமேக்கும் மின்ட்டும் மட்டும் வச்சிருக்கறவங்க அந்த ரெண்டு வரியை தொடவே தொடாதீங்க, டிஃபால்ட்லயே நல்லா ஓடும்.