ஏ.எஸ்.ஐ. தரவா, பட்டறைக்கே போய்க் கேட்பதா?

தொழில்துறை உற்பத்தித்திறனில் பிஎச்.டி. செய்யும் சென்னை மாணவர்கள் முதல் வருடமே தடுமாறும் இடம் இது. அரசின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பான ஏ.எஸ்.ஐ. போதுமா, கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் பட்டறை பட்டறையாக அலைய வேண்டுமா?

செலவு
ஏ.எஸ்.ஐ.: இலவசம். இணையத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம்.
நேரில்: பெட்ரோல் காசைவிட நேரம்தான் போகும். மூன்று முறை போனால் ஒருமுறை முதலாளி சிக்குவார்.

யார் வருவார்கள்
ஏ.எஸ்.ஐ.: அடிப்படையில், மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரமின்றி 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் பதிவான ஆலைகள்.
நேரில்: நாலு பேரை வைத்து லேத் ஓட்டுபவரும் வருவார். ஆனால் உங்களால் பார்க்க முடிவது ஐம்பது, அறுபது இடம்.

என்ன தெரியும்
ஏ.எஸ்.ஐ.: மூலதனம், ஆட்கள், கூலி, எரிபொருள், உற்பத்தி மதிப்பு எல்லாம் உண்டு; மொத்தக் காரணி உற்பத்தித்திறனை, அதாவது ஆள், மூலதனம் எல்லாம் சேர்த்துப் போட்டதற்கு எவ்வளவு உற்பத்தி வந்தது என்பதைக் கணக்கிட அருமையான தரவு. கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் வாங்கியும் உற்பத்தி ஏன் கூடவில்லை என்றால், பதில் கிடைக்காது.
நேரில்: அதற்கான பதில் டீ குடிக்கும்போது வரும். ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார். அப்புறம், ‘புதுமை’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். புதுமையை அளப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான ஓஸ்லோ கையேட்டின் 2018 பதிப்பிலுள்ள வரையறையை வைத்துக் கேள்விகளை அமையுங்கள்.

‘எவ்வளவு’ என்பது உங்கள் கேள்வியானால் ஏ.எஸ்.ஐ.; ‘ஏன்’ என்றால் அம்பத்தூர். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமே என்பார்கள். சரி, ஐந்து வருடம் கையில் இருந்தால் செய்யுங்கள்.