தீவிர நுழைவுத் தேர்வுப் பயிற்சி: கட்டணத்திற்குத் தகுந்ததா?

மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களில் நடத்தப்பட்ட தீவிரப் பயிற்சி வகுப்பு ஒன்றை என் மகள் முடித்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அங்கே உண்மையில் பயன்பட்டவை மாதிரித் தேர்வுகளும் அவற்றை அடுத்து நடந்த பிழை ஆய்வும்தான். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு என்ற முறையில், நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண்ணே மிஞ்சும் என்பதையும், இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால் அது ஒன்றரையாக உயரும் என்பதையும் ஆசிரியர் கணக்கிட்டுக் காட்டினார். எந்த வினாவைத் தொடுவது, எதை விடுவது என்ற தயக்கம் அவளுக்கு அதன் பிறகு பெரிதும் குறைந்தது.

விரிவுரைகளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. கரிம வேதியியலின் பெரும்பகுதியை இரண்டே நாட்களில் ஓட்டி முடித்தார்கள். (குறிப்பேடு நிறைந்தது, அவ்வளவுதான்.) கற்றவற்றில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ளேயே மறந்துபோகும் என்பதையும், இடைவெளி விட்டு மீண்டும் படிப்பதே பலன் தரும் என்பதையும் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம் மீதே சோதித்து 1885இல் வெளியிட்டார், பத்து மணி நேர வகுப்போ அந்த மீள்பார்வைக்கு இடமே வைக்கவில்லை.

ஆகவே, பாடத்திட்டத்தை ஒருமுறையேனும் முடித்தவருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். இயற்பியலை முதலிலிருந்து தொடங்குபவர் அந்த ஆறு வாரங்களைப் பாடநூலுடன் கழிப்பதே நல்லது. சேர்வதற்கு முன், ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் தனித்தனியாகப் பிழை ஆய்வு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.