ஒரு பக்கம் முழுவதும் ஒரே ப்ளூஸ்: ஜிம்மி ஸ்மித்தின் ‘தி செர்மன்’

ஜாஸ் ஆர்கனைக் கேட்டே அறியாத ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான ப்ளூ நோட் 1959இல் வெளியிட்ட இந்த ‘தி செர்மன்’ (பிரசங்கம்) இசைத்தட்டைத்தான் எடுத்துக் கொடுப்பேன். இதன் முதல் பக்கம் முழுவதையும் தலைப்புப் பாடலான, இருபது நிமிடம் ஓடும் ஒரே ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த இசைவடிவம்) நிரப்பியிருக்கிறது.

பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் பிறந்த ஜிம்மி ஸ்மித் பியானோவைப் பள்ளியில் படித்தவர். கைகளாலும் கால்களாலும் வாசிக்கும் மின்கருவியான ஹேமண்ட் ஆர்கனுக்கோ அவருக்கு ஆசிரியர் என்று எவரும் வாய்க்கவில்லை. ஆர்கன் கலைஞர் வைல்ட் பில் டேவிஸின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்து, 1950களின் முற்பகுதியில் சொந்தமாக ஒரு ஆர்கன் வாங்கி, அதை ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கிடங்கில் போட்டுக்கொண்டு, காலால் மிதித்து வாசிக்கும் கட்டைகளின் படத்தைச் சுவரில் மாட்டிவைத்துப் பல மாதங்கள் தனியாகப் பழகினார். 1956இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அந்தக் கருவியின் பேச்சே மாறியிருந்தது.

அந்தத் தனிமைப் பயிற்சியின் பலனை இங்கே காதாலேயே பிடிக்கலாம். தலைப்புப் பாடலில் பாஸ் எனும் தாழ்ந்த சுரங்களை வாசிக்கத் தனியாக ஆள் கிடையாது. இடக்கை நடையாக இறங்கி ஏறும் பாஸ் வரியைப் பிடித்துக்கொள்ள, கால் அதே சுரங்களை லேசாகத் தட்டி அவற்றுக்கு ஒரு முனையைக் கொடுக்கிறது. வலக்கையோ தன் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டு போகிறது. கட்டையை அழுத்தும் கணத்தில் எழும் அந்தச் சிறு ‘டிக்’ ஓசையைக் குறையாகவே கருதிவந்தார்கள்; ஸ்மித்தின் கையில் அது தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது.

இருப்பினும், எனக்கு அதிகம் பிடித்தது அவருடைய தனி ஆவர்த்தனம் அல்ல. அதை முடித்துக்கொண்டு, கென்னி பரெலின் கிட்டாருக்கும் டீனா புரூக்ஸ், லூ டொனால்ட்சன் ஆகியோரின் சாக்ஸபோன்களுக்கும் பின்னால் அவர் நின்று, ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸோடு சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற இடங்கள்தான்.

இரண்டாம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ‘ஜே.ஓ.எஸ்.’ விரல் வேகத்தைக் காட்டுவதிலேயே முடிந்துவிடுகிறது. ‘ஃபிளமிங்கோ’ அழகானது, ஆனால் அது அப்போது 19 வயதே ஆகியிருந்த டிரம்பெட் கலைஞர் லீ மார்கனுக்குச் சொந்தமான பாடல்.

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டுவிட வேண்டாம். அதில் இடக்கையும் காலும் காணாமல் போய், பாதி ஸ்மித்தான் மிஞ்சுவார்.