அரக்கு அரக்காகத் தெரிய வேண்டும்: ஒரு தையல் வீட்டின் எல்இடி பல்புகள்

பல்பு வாங்கும்போது வாட் எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் அதை எரியவிட்டு, அதன் கீழே ஓர் அரக்கு நூல்கண்டையும் ஒரு காப்பி கலர் நூல்கண்டையும் ஒட்டி வைத்துப் பிடிப்பேன். இரண்டும் வேறு வேறு என்று பட்டென்று தெரிந்தால் அந்தப் பல்பு வீட்டுக்கு வரும். தெரியாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டுப் பக்கம், வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறேன். பெரும்பாலும் பிளவுஸ். பகலில் ஜன்னல் வெளிச்சம் போதும். ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் முன்னால், அப்புறம் வைகாசிக் கல்யாண சீசனில், ராத்திரி வெகுநேரம் மெஷின் ஓடும். வீட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் என்ன பல்பு வாங்கினேன், எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று எழுதுகிறேன். தைப்பவர்களுக்கும், பூ கட்டுகிறவர்களுக்கும், ராத்திரியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

கரண்ட் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாத பில்லில் 18 யூனிட். அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 2.7 யூனிட்தான். நாலு பல்பு என்றால் 72 யூனிட் ஆக வேண்டியது 11 யூனிட்டுக்குள் முடிகிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும் என்பதால், இப்படி மிச்சமாகும் 60 யூனிட்டும் விலை கூடுதலான மேல்படியில்தான் குறைகிறது. அயர்ன் பாக்ஸ் தினமும் சூடாகும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. குண்டு பல்பு இழுக்கும் கரண்டில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சம் ஆகாது. மீதி எல்லாம் வெறும் சூடு. சித்திரை மாதம் ஓட்டு வீட்டுக்குள் மெஷினில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்.

விலையும் இப்போது ஒரு தடை இல்லை. அரசு மொத்தமாக வாங்கிய எல்இடி பல்பின் விலை 2014-இல் 310 ரூபாய். 2016-இல் அதுவே 38 ரூபாய்க்கு இறங்கியது. வீடுகளுக்கு மலிவாக எல்இடி பல்பு கொடுக்க 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் கோடிக்கணக்கில் வாங்கியதால் வந்த இறக்கம் அது. இன்று கடையில் நல்ல கம்பெனி 9 வாட் பல்பு நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது.

வாட் என்பது பல்பு எவ்வளவு கரண்ட் தின்னும் என்ற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதற்கு லுமன் என்று பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 9 வாட்டில் 900 லுமன் கிடைத்தால் நல்ல பல்பு. அதே 9 வாட்டில் 700 லுமன் என்று போட்டிருந்தால் நான் தொடமாட்டேன். எல்இடி பல்புக்கு 2018 முதல் நட்சத்திரக் குறி கட்டாயம். வாட்டுக்கு எத்தனை லுமன் தருகிறது என்பதை வைத்துத்தான் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அத்துடன் ஐஎஸ் 16102 என்ற இந்தியத் தர எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிடுங்கள். தள்ளுவண்டியில் குவித்து விற்கும் பல்புகளில் இவை எதுவும் இருக்காது. அப்படி வாங்கிய ஒன்றை, ஒயர்மேன் வேலை செய்யும் என் தம்பி வாட் மீட்டரில் மாட்டிப் பார்த்தான். மேலே 9 என்று அச்சடித்திருந்தது, மீட்டரில் ஐந்தைத் தாண்டவில்லை. "கரண்ட் கம்மியா இழுக்குதே, நல்லதுதானே?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வெளிச்சமும் பாதிதான் என்றால் அதில் என்ன மிச்சம்?

சரி, நிறத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமே இதுதான்.

பெட்டியில் 6500 கே, 4000 கே, 3000 கே என்று போட்டிருப்பார்கள். 6500 என்பது நீலம் கலந்த வெள்ளை. 3000 மஞ்சள். 4000 இரண்டுக்கும் நடு. எங்கள் ஊர்க் கடைகளில் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது 6500-தான். நான் 4000 கேட்டபோது கடைக்காரர், "ஏம்மா, இங்க எல்லாரும் வெள்ளைதான் கேக்குறாங்க. இத வாங்கிட்டுப் போய் வெளிச்சம் பத்தலன்னு திருப்பிக் கொண்டாந்துடுவாங்க" என்றார். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சின்ன கடை. ஆனால் அவரிடம் ஒரு பலகை இருக்கிறது. அதில் பின் ஹோல்டரும் திருகு ஹோல்டரும் மாட்டி, எந்தப் பல்பைக் கேட்டாலும் போட்டுக் காட்டுகிறார். நூல்கண்டை எடுத்து நான் பிடித்துப் பார்த்தபோதும் முகம் சுளிக்கவில்லை. 4000 இரண்டு நாளில் வரவழைத்துக் கொடுத்தார். பொறுமையாகக் காட்டுகிற கடைக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

இந்த ‘கே’ எண் வெளிச்சத்தின் நிறத்தை மட்டும்தான் சொல்லும். அந்த வெளிச்சத்தில் துணியின் நிறம் எப்படித் தெரியும் என்பது வேறு. அதற்கு சிஆர்ஐ என்று ஒரு மதிப்பெண் உண்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று. வீட்டுப் பல்புகளில் பெரும்பாலும் 80 இருக்கும். 80 என்றால் நல்ல மார்க்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மதிப்பெண் எட்டு மங்கலான நிறங்களை வைத்துப் போடும் சராசரி. அடர்ந்த சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ஆர்9 என்று தனியாக ஓர் எண் இருக்கிறது, அதைப் பெட்டியில் பெரும்பாலும் போடுவதில்லை. 80 வாங்கிய பல்பு சிவப்பில் கோட்டை விட்டிருக்கலாம்.

ஏன் சிவப்பில் மட்டும் இந்தக் குறை? வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவதற்குள்ளே இருப்பது நீல விளக்கு. அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு இருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல விளக்கைக் கண்டுபிடித்ததற்குத்தான் அகாசாகி, அமானோ, நாகாமுரா என்ற மூன்று பேருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. பூச்சு மலிவாக இருந்தால் சிவப்புப் பங்கு குறைந்துபோகும். வெளிச்சத்தில் சிவப்பு இல்லாவிட்டால் அரக்குப் பட்டு எதைத் திருப்பிக் காட்டும்? செத்துப்போன காப்பி நிறமாகத்தான் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. துணிக்கு ஏற்றிய சாயமும் நூலுக்கு ஏற்றிய சாயமும் ஒன்றல்ல. ஒரு பல்பின் கீழே ஜோடி சேர்ந்தது போலத் தெரியும் நூலும் துணியும், வெயிலில் கொண்டுபோனால் பிரிந்துவிடும். கல்யாணப் பிளவுஸ் ராத்திரியில் தைத்து, காலையில் மண்டபத்தில் வெயில் படும்போது கழுத்து ஓரத்துத் தையல் தனியாகத் தெரிந்தால், கட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு எவ்வளவு வருத்தம்! கடையில் எடுத்த துணியை என்னிடம் கொண்டுவந்து பிரித்து, "கடையில பாத்தப்ப இந்தக் கலர் இல்லக்கா" என்று சொல்பவர்களும் நிறையப் பேர். கண்ணில் குறை இல்லை. கடை வெளிச்சம் அப்படி.

அதனால் மெஷினுக்கு மேலே சிஆர்ஐ 90-க்கு மேல் போட்டிருக்கும் 4000 கே பல்பு ஒன்று வைத்திருக்கிறேன். விலை சாதாரணப் பல்பைவிடக் கூடத்தான், அதே வாட்டில் வெளிச்சமும் கொஞ்சம் குறைவு. ஆனால் அரக்கு, குங்குமச் சிவப்பு, ராணி பிங்க் மூன்றும் மூன்றாகத் தெரிகின்றன. இந்த வீட்டில் வாங்கிய பல்புகளில் கொடுத்த காசுக்கு முழுசாக வேலை செய்வது இதுதான். அறை முழுவதற்கும் டியூப்லைட் மாதிரி நீளமான 20 வாட் எல்இடி பட்டி லைட் தனியாக இருக்கிறது, சோக் வைத்த பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மாட்டியது. கட்டிங் மேசைக்கு அது போதும். வலது கைக்காரர்கள் விளக்கை இடது பக்கம், கொஞ்சம் முன்னால் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் தலை நிழலே ஊசியின் மேல் விழும்.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மட்டமான எல்இடி நொடிக்கு நூறு முறை மினுக்கும். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை மங்கும் என்பதால் வரும் மினுக்கல் இது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஓடுகிற ஊசியைப் பாருங்கள், ஒரே ஊசி இரண்டு மூன்றாகத் தெரியும், சக்கரம் சில நேரம் மெதுவாகச் சுற்றுவது போல இருக்கும். விரல் பக்கத்தில் இருக்கும்போது இது ஆபத்து, தலைவலியும் வரும். கடையிலேயே செல்போன் கேமராவைப் பல்பின் பக்கம் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காந்தம் வைத்து மெஷினில் ஒட்டும் வளைகழுத்து லைட் என்று விற்பதில் நான் பார்த்த இரண்டுமே இப்படி மினுக்கின. மெஷினுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்ற அறைகளுக்கு இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. சமையலறையில் 9 வாட், 6500. அரிசியில் கல் பொறுக்க அந்த வெள்ளை நல்லது. பாத்ரூமுக்கு 5 வாட் போதும். அடிக்கடி போட்டு அணைத்தாலும் எல்இடிக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடிக் குடத்துக்குள் மூடி மாட்டும் இடங்களில் மட்டும் அதிக வாட் வேண்டாம். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே இருக்கும் சர்க்யூட் சீக்கிரம் போய்விடும். எல்இடி பல்பு போவது பெரும்பாலும் இந்த சர்க்யூட்டால்தான், விளக்கால் அல்ல. மாமியார் அறைக்கு 3000. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளை வெளிச்சம் கூசுகிறது என்றார், இப்போது நிம்மதியாக இருக்கிறார். ராத்திரி பல்பு அரை வாட். ‘ஜீரோ வாட்’ என்று முன்பு விற்ற சின்ன பல்பு உண்மையில் 15 வாட் வரை இழுத்தது, பலருக்கு இது தெரியாது.

வாசலுக்கும் மஞ்சள்தான். மழை பெய்து விட்ட ராத்திரி ஈசல் கிளம்பினால் எங்கள் தெருவில் வெள்ளை லைட் போட்ட வாசல்களுக்குத்தான் படை திரளும். நீலம் அதிகமுள்ள வெளிச்சம் பூச்சிகளை இழுக்கும், மஞ்சளுக்குக் குறைவாகவே வரும். வெளிச்சத்தின் வேலையை எங்கள் பக்கத்து விவசாயிகள் நன்றாக அறிந்தவர்கள். சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி பல்பு எரியவிட்டு, பூப்பதைத் தள்ளிப்போடுவார்கள். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும்.

கரண்ட் ஏறி இறங்கும் தெருவில் இருப்பவர்கள் பெட்டியில் வோல்டேஜ் அளவைப் பாருங்கள். 100 முதல் 300 வரை தாங்கும் என்று போட்டதாக எடுத்தால் மாலையில் வோல்டேஜ் இறங்கினாலும் வெளிச்சம் மங்காது. கோடை இடிமழையில் வோல்டேஜ் திடீரென்று எகிறினால் தாங்க, 4 கேவி (4,000 வோல்ட்) சர்ஜ் பாதுகாப்பு என்று எழுதியது இன்னும் நல்லது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பல்பின் கழுத்தில் வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதிவையுங்கள். கேரண்டி கேட்டுப் போகும்போது பெரும்பாலும் வாக்குவாதம் வராது. வேறொரு கடையில், பில் இருந்தும் "பெட்டி எங்கே" என்று கேட்டு அலைக்கழித்தார்கள். அந்தக் கடைக்கு இப்போது போவதில்லை.

ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக மினுங்கினால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். ஸ்விட்சில் இருக்கும் சின்ன சிவப்பு விளக்கு காரணமாக இருக்கலாம். அல்லது ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருப்பார்கள். இரண்டாவது என்றால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றும்போது கை பட்டால் ஷாக் அடிக்கும். உடனே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக வாங்கியது, கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி பல்பு. ஸ்விட்ச் போட்டபடியே இருந்தால்தான் அது வேலை செய்யும், அணைத்துவிட்டுப் படுத்தால் சார்ஜும் ஏறாது. பேட்டரியில் எரியும்போது வெளிச்சம் பாதிக்கும் குறைவு. நாலு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. புதிதில் கிட்டத்தட்ட அவ்வளவு வந்தது, பேட்டரி தளர்ந்த பிறகு அதில் பாதிதான் வருகிறது. கரண்ட் போனதும் கத்திரிக்கோலை எங்கே வைத்தோம் என்று தேட, பாதியில் நின்ற தையலின் நூலை அறுத்து முடிக்க, மாமியார் எழுந்து நடக்க, இதற்கெல்லாம் சரி. அந்த வெளிச்சத்தில் நூல் மட்டும் பொருத்த முடியாது. அதற்குக் கரண்ட் வரும்வரை காத்திருக்கிறேன்.